கோழி கூவியா பொழுது விடிகிறது? – அசைவைக் காணும் நரம்பணுக்கள் பற்றி ஒரு திறனாய்வு



இந்த முறை கதை, கவிதை எதையும் திறனாயப் போவதில்லை. ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். என் படிவம் ஐந்து மாணவர் ஒருவர் கருத்து விளக்கக் கட்டுரையில் எழுதிய வாக்கியம் இது:

"குரங்கின் மூளையில் எம்.டி. என்னும் பகுதியிலுள்ள நரம்பணுக்கள்தாம் அசைவைப் பார்க்கின்றன என்பதை விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்."

எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழையும் இல்லை. நான் சிவப்பு மையில் ஒரு சரி போட்டுப் பக்கத்தில் 'நல்ல தகவல்' என்றும் எழுதிவிட்டேன். கட்டுரையை வகுப்பில் வாசிக்கச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார்: "சார், குரங்கு பாத்துச்சுன்னு எப்படித் தெரியும்? வாயைத் தொறந்து சொல்லுச்சா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் என்னிடம் பதில் இல்லை. நான் மொழியாசிரியன், அறிவியல் ஆசிரியன் இல்லை. இருந்தாலும் 'பார்க்கின்றன', 'தாம்', 'நிரூபித்துவிட்டார்கள்' என்ற மூன்று சொற்களுக்கும் எடை பார்ப்பது மொழியாசிரியன் வேலைதானே? எடை பார்க்காமலேயே சரி போட்டது என் தவறு. அதைத் திருத்திக்கொள்ளத் தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்கிறேன்.

முதலில் ஒரு சிறிய சோதனை

ஒரு தாளில் சாய்கோடுகளை நெருக்கமாக, நீளமாக வரையுங்கள். கோட்டின் மேல்முனை வலப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். இன்னொரு அட்டையில் பத்து சென் நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை போடுங்கள். அட்டையைக் கோடுகளின் மேல் அசையாமல் வைத்துக்கொண்டு, அடியிலுள்ள தாளை மெல்ல வலப்பக்கம் இழுங்கள். கோடுகளின் முனைகள் ஓட்டைக்குள் தெரியக்கூடாது. இப்போது ஓட்டை வழியாகப் பாருங்க, கோடுகள் எந்தப் பக்கம் போகின்றன?

வலமும் கீழுமாகச் சரிந்து போவதுபோல் தெரியும். சரி, இப்போது தாளை நேராகக் கீழ்நோக்கி இழுங்கள். அதே காட்சிதான்! இரண்டு வெவ்வேறு அசைவுகள் ஓட்டை வழியாகப் பார்க்கும்போது ஒன்றாகிவிடுகின்றன. இதைத் துளைச் சிக்கல் என்று சொல்லலாம். சின்ன ஓட்டை வழியாகக் கோட்டைப் பார்ப்பவருக்கு, அதன் உண்மையான திசை தெரியவே தெரியாது.

பார்வை நரம்பணுவின் நிலையும் இதுதான். கண்ணிலிருந்து வரும் செய்தி பெருமூளையின் பின்புறத்தில் உள்ள முதல்நிலைப் பார்வைப் புறணிக்குப் போய்ச் சேர்கிறது. அதற்கு வி1 என்று பெயர். அங்குள்ள ஒவ்வொரு நரம்பணுவும் காட்சி முழுவதையும் பார்ப்பதில்லை. காட்சியில் ஒரு சிறு வட்டம் மட்டுமே அதன் பங்கு. அதுதான் அந்த அணுவின் ஓட்டை.

இந்த நரம்பணுக்கள் எதற்கு எழுகின்றன என்பதைக் கண்டவர்கள் டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும். 1958இல் அவர்கள் ஒரு பூனையின் பார்வைப் புறணியில் மெல்லிய மின்முனையை வைத்து, கண்ணாடி வில்லையில் இருந்த புள்ளியைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அணு அசைந்து கொடுக்கவில்லை. வில்லையைக் கருவிக்குள் செருகும்போது மட்டும் படபடவென்று துடிப்புகள் வந்தன. அதைத் துடிக்க வைத்தது புள்ளி இல்லை. வில்லையின் விளிம்பு திரையில் போட்ட மெல்லிய நிழற்கோடு நகர்ந்ததுதான் காரணம். அதுவும் குறிப்பிட்ட சாய்வில் நகர்ந்தால்தான் அணு எழுந்தது. பிறகு குரங்குகளிலும் இதேபோன்ற அணுக்களை அவர்கள் கண்டு 1968இல் எழுதினார்கள். சில அணுக்கள் கோடு ஒரு திசையில் போனால் துடிக்கும், எதிர்த்திசையில் போனால் அடங்கிவிடும். 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஓர் அணுவுக்குத் திசை எப்படித் தெரிகிறது? அதன் அடிப்படைக் கருத்து எளியது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் புள்ளியிலிருந்து வரும் செய்தியைச் சற்றுத் தாமதித்து, இரண்டாம் புள்ளியின் செய்தியோடு சேர்த்தால், ஒரு திசையில் போகும் பொருளுக்கு மட்டும் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும். எதிர்த்திசையில் போனால் சேராது. ஆக, நேரத்தையும் இடத்தையும் ஒப்பிட்டாலே திசை கிடைத்துவிடுகிறது.

ஆனால் அது ஓட்டைக்குள் தெரியும் திசை மட்டுமே. பொருளின் உண்மைத் திசைக்கு ஓட்டைகள் பலவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும்.

எம்.டி. என்னும் பகுதி

1971இல் ரொனால்ட் டப்னரும் செமிர் செக்கியும் மக்காக் குரங்கின் மூளைப் பக்கவாட்டில், ஒரு மடிப்புக்குள், திசையைத் தெரிந்து துடிக்கும் அணுக்கள் திரளாக இருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜான் ஆல்மனும் ஜான் காஸும் தென்னமெரிக்காவின் ஆந்தைக் குரங்கில் இதற்கு இணையான பகுதியை விவரித்து எம்.டி. என்று பெயரிட்டார்கள். செக்கி அதை வி5 என்றார். இரண்டு பெயரும் இன்றுவரை வழக்கில் உண்டு. மக்காக் என்பது வேறு ஏதோ அல்ல. பத்துமலைப் படிகளில் நம் கையிலிருக்கும் பையைப் பறிக்கிறதே, அந்த இனத்தின் நெருங்கிய உறவுதான்.

எம்.டி. அணுக்களில் பெரும்பாலானவை திசைத் தெரிவு உள்ளவை. அவற்றின் பார்வை வட்டம் வி1 அணுவின் வட்டத்தைவிடச் சுமார் 10 மடங்கு அகலம். ஒரே திசையை விரும்பும் அணுக்கள் அடுத்தடுத்து, நெடுவரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த அடுக்கு முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

துளைச் சிக்கலை எம்.டி. தீர்க்கிறதா? அந்தோனி மோவ்ஷனும் அவரது குழுவினரும் 1985இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். இரண்டு சாய்கோட்டு அணிகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டு, கட்டம் போட்ட லுங்கித் துணி நகர்வதுபோல் காட்டினார்கள். வி1 அணுக்கள் கோட்டு அணிகளைத் தனித்தனியாகவே கண்டன. எம்.டி.யில் ஒரு பகுதி அணுக்கள் மட்டும் துணி மொத்தமாகப் போகும் திசைக்குத் துடித்தன. 2001இல் கிறிஸ்டோபர் பேக்கும் ரிச்சர்ட் போர்னும் இன்னொன்றைக் காட்டினார்கள். கோடுகளைப் பார்க்கும் எம்.டி. அணுக்கள் முதல் கணத்தில் ஓட்டைவழித் திசையைச் சொல்கின்றன. நொடியின் சிறு பங்கு நேரத்தில் திருத்திக்கொண்டு உண்மைத் திசைக்கு வந்துவிடுகின்றன.

அருமையான ஆய்வுகள். ஆனால் மாணவியின் கேள்வி அப்படியே நிற்கிறது. அணு துடிக்கிறது, சரி. குரங்கு பார்த்தது என்று எப்படிச் சொல்வது?

கோழியும் பொழுதும்

நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்களே, "கோழி கூவியா பொழுது விடியுது?" என்று. கோழி நாள் தவறாமல் கூவும், பொழுதும் விடியும். இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. அதற்காகக் கோழியா பொழுதை விடிய வைக்கிறது?

எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வழி உண்டு. கோழியை அடக்கிப் பார்க்கலாம். அப்போதும் பொழுது விடிந்தால் கோழி காரணமில்லை. அல்லது நள்ளிரவில் கோழியைக் கூவ வைத்துப் பார்க்கலாம். பொழுது விடிந்துவிட்டால் நம் சந்தேகம் தீர்ந்தது!

எம்.டி. ஆய்வுகளை நான் மதிப்பதற்குக் காரணம் இதுதான். வில்லியம் நியூசமும் உடனிருந்தவர்களும் கோழி கூவுவதைக் கேட்டதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மூன்று படிகளையும் ஏறினார்கள்.

திரையில் ஏராளமான புள்ளிகள், எறும்புக்கூட்டம் கலைந்ததுபோல் தாறுமாறாக மின்னுகின்றன. அவற்றில் ஒரு பங்கு மட்டும் ஒரே திசையில் போகிறது. அந்தப் பங்கைக் கூட்டலாம், குறைக்கலாம். குரங்கு திரையின் நடுவே பார்வையை நிறுத்தியிருக்க வேண்டும். புள்ளிகள் மறைந்த பிறகு, அவை எந்தத் திசையில் போயின என்பதற்கு விடையாக இரண்டு விளக்குகளில் ஒன்றின்மேல் கண்ணைத் திருப்ப வேண்டும். சரியான விடைக்குப் பழச்சாறோ தண்ணீரோ கிடைக்கும். ஆக, மாணவியின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. குரங்கு வாயைத் திறக்கவில்லை, கண்ணால் சொன்னது.

முதல் படி கேட்பது. 1989இல் நியூசம், கென்னத் பிரிட்டன், மோவ்ஷன் மூவரும், குரங்கு விடை சொல்லிக்கொண்டிருக்கும்போதே எம்.டி. அணுவின் துடிப்பை எண்ணினார்கள். ஒற்றை அணுவின் துடிப்பை வைத்துத் திசையைக் கணித்தால், அந்தக் கணிப்பு பல நேரங்களில் குரங்கின் விடைக்கு நிகரான துல்லியத்தோடு இருந்தது.

இரண்டாம் படி அடக்குவது. இதற்கு முந்தைய ஆண்டிலேயே, 1988இல், நியூசமும் எட்மண்ட் பாரேயும் எம்.டி.யில் ஒரு பகுதியை வேதிப்பொருளால் சேதப்படுத்திப் பார்த்திருந்தார்கள். அந்தப் பக்கத்துக் காட்சியில் திசையைச் சொல்லக் குரங்கு தடுமாறியது. முன்பைவிடப் பல மடங்கு புள்ளிகள் ஒரே திசையில் போனால்தான் விடை சொல்ல முடிந்தது. ஒளி வேறுபாட்டைக் காணும் திறனுக்கு மட்டும் பெரிய பாதிப்பில்லை.

மூன்றாம் படி கூவ வைப்பது. 1990இல் டேனியல் சால்ஸ்மன், பிரிட்டன், நியூசம் ஆகியோர் ஒரே திசையை விரும்பும் நெடுவரிசை ஒன்றில் மின்முனையை வைத்து, 10 மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு மிகச் சிறிய மின்சாரம் செலுத்தினார்கள். திரையில் எதையும் மாற்றவில்லை. ஆனால் குரங்கின் விடைகள் அந்த நெடுவரிசை விரும்பும் திசைப் பக்கம் சாய்ந்தன. அந்தத் திசையில் கூடுதலாகச் சில புள்ளிகளை ஓடவிட்டதுபோன்ற விளைவு. மின்சாரம் கண்ணைத்தான் தள்ளிவிட்டதோ என்று நாம் கேட்கலாம். மின்சாரம் புள்ளிகள் இருக்கும்போது மட்டுமே செலுத்தப்பட்டது. கண் திரும்பியது அதற்குப் பிறகு. சாய்வும் அந்த அணுக்கள் விரும்பும் திசையை ஒட்டியே இருந்தது.

கேட்டார்கள், அடக்கினார்கள், கூவ வைத்தார்கள். ஒரு வாதத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை மாணவர்களுக்குக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

அப்படியானால் வாக்கியம் சரிதானே?

இல்லை. திறனாய்வு என்றால் பாராட்டோடு முடிந்துவிடாது. மூன்று சொற்களையும் இப்போது எடை போடுவோம்.

முதல் சொல்: 'தாம்'. இந்த ஏகாரப் பொருள் தரும் சின்னச் சொல்தான் வாக்கியத்திலேயே கனமானது. 'எம்.டி. அணுக்கள்தாம்' என்றால் வேறு எதுவும் இல்லை என்று பொருள். 1988 ஆய்விலேயே இதற்கு எதிர்ச்சான்று இருக்கிறது. சேதப்படுத்திய சில நாள்கள் முதல் சில வாரங்களுக்குள் குரங்கின் திறன் பெருமளவு திரும்பிவிட்டது. எம்.டி. மட்டும்தான் என்றால் எப்படித் திரும்பும்? 2017இல் லியு, பேக் இருவரின் ஆய்வு இன்னும் ஆழமாகத் தோண்டியது. கோட்டு அணிகளை மட்டும் பார்த்துப் பழகிய குரங்குக்கு எம்.டி.யைத் தற்காலிகமாக அடக்கினாலும் அந்தக் கோடுகளின் திசையைச் சொல்வதில் பெரிய குறை ஏற்படவில்லை. புள்ளிகளில் பயிற்சி கொடுத்த பிறகு அடக்கினால் அதே கோடுகளிலும் தடுமாறியது. அதாவது எம்.டி.யின் பங்கு பயிற்சியைப் பொறுத்து மாறுகிறது. ஆண்டுக்கணக்கில் புள்ளிகளையே காட்டிப் பழக்கிய குரங்குகளிடம் பெற்ற முடிவை எல்லா அசைவுக்கும் நீட்டலாமா என்ற கேள்வியை இது எழுப்புகிறது.

இரண்டாம் சொல்: 'பார்க்கின்றன'. குரங்குக்கு முன்னால் இரண்டு விளக்குகள் மட்டுமே இருந்தன. நாம் கொடுத்த இரண்டு விடைகளுக்குள்தான் அது நின்றது. மின்சாரம் பாய்ந்தபோது புள்ளிகள் நிஜமாகவே அந்தப் பக்கம் ஓடுவதாகத் தெரிந்ததா, அல்லது 'இந்தப் பக்கமாகத்தான் இருக்கும்' என்று தோன்றியதா? கண் திரும்பிய பக்கத்தை மட்டும் வைத்து இதைப் பிரிக்க முடியாது. மாணவி கேட்டதன் மீதிப் பாதி இதுதான்.

மனிதர் வாயைத் திறந்து சொன்ன சான்று ஒன்று உண்டு. 1983இல் ஜெர்மனியில் யோசெஃப் சீலும் அவரது குழுவினரும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு மூளையின் இருபுறமும் சேதம். நிறம் தெரியும், உருவம் தெரியும், படிக்க முடியும். அசைவு மட்டும் தெரியாது. தேநீரை ஊற்றினால் அது பனிக்கட்டிபோல் உறைந்து நிற்பதாகத் தெரியும். கோப்பையில் மட்டம் ஏறுவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியாது. சாலையில் தூரத்தில் நின்ற கார் அடுத்த கணம் பக்கத்தில் வந்துவிட்டிருக்கும். இந்தச் சான்று மனத்தைத் தொடும். ஆனாலும் அவருடைய சேதம் எம்.டி.க்கு இணையான இடத்தோடு நிற்காமல் அதைத் தாண்டிப் பரவியிருந்தது. ஆகவே இதையும் அளவாகத்தான் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாம் சொல்: 'நிரூபித்துவிட்டார்கள்'. இத்துறையில் ஓர் ஆய்வுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று குரங்குகள்தாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. உயிர்களைக் குறைவாகப் பயன்படுத்துவது நல்லதே. ஆனால் சான்று எந்த அளவோ, சொல்லும் அந்த அளவே இருக்க வேண்டும்.

மேலும், துடிப்பும் விடையும் சேர்ந்து வருவதை எப்படிப் படிப்பது என்பதிலேயே பின்னர் திருத்தம் வந்தது. 1996இல் பிரிட்டனும் குழுவினரும், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டும்போதும், எம்.டி. அணு சற்று அதிகமாகத் துடித்த முறைகளில் குரங்கு அந்தத் திசையையே சற்று அதிகமாகத் தேர்ந்தது என்று காட்டினார்கள். உடனே, அணுதான் முடிவைத் தள்ளுகிறது என்று எண்ணத் தோன்றும். 2009இல் ஹென்ட்ரிக்கே நீன்போர்க், புரூஸ் கம்மிங் இருவரும் வி2 என்ற வேறொரு பகுதியில், ஆழத்தை அறியும் அணுக்களை ஆராய்ந்து, இந்தத் தொடர்பில் ஒரு பங்கு மேலிருந்து கீழே வருகிறது என்று காட்டினார்கள். குரங்கு ஒரு பக்கம் மனம் சாய்ந்தபின், அந்தச் சாய்வே அணுவின் துடிப்பையும் மாற்றிவிடுகிறது. பொழுது விடிவதைப் பார்த்துக் கோழி கூவுவதும் உண்டு, இல்லையா?

2016இல் வந்த ஒரு முடிவு இன்னும் பலமான அடி. எல்.ஐ.பி. என்ற இன்னொரு பகுதியின் அணுக்கள், குரங்கு முடிவெடுக்கும்போது துடிப்பைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும். முடிவு அங்கேதான் உருவாகிறது என்று பலர் எழுதிவந்தார்கள். லியர் காட்ஸும் அவர் குழுவினரும் அந்தப் பகுதியை மருந்தால் அடக்கினார்கள். அசைவின் திசையைச் சொல்வதில் குறிப்பிடத்தக்க பாதிப்பில்லை! எம்.டி.யை அடக்கியபோதோ பெரும் பாதிப்பு. ஒன்று கூவிய கோழி, இன்னொன்று விடியலோடு நெருங்கிய உறவுடையது. இரண்டின் துடிப்பையும் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் வேறுபாடே தெரிந்திருக்காது.

வாக்கியத்தைத் திருத்துவோம்

அந்த மாணவரும் நானும் சேர்ந்து எழுதிய திருத்தம் இது:

"குரங்கு திசையைக் கண்டு விடை சொல்வதில் எம்.டி. பகுதியின் நரம்பணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை, அவற்றை அடக்கியும் தூண்டியும் செய்த சோதனைகள் காட்டுகின்றன. அந்தப் பங்கின் அளவு காட்சியையும் பயிற்சியையும் பொறுத்து மாறலாம்."

முதல் வாக்கியத்தைவிட நீளம்தான். மிடுக்கும் குறைவு. மாணவர் முகம் சுருங்கிப்போனது. "சார், இப்படி எழுதினா உறுதியில்லாத மாதிரி இருக்கே. மதிப்பெண் குறையாதா?" என்றார்.

நியாயமான பயம். அதற்குக் காரணம் நாம்தான். 'ஆணித்தரமாக எழுது' என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்துவிட்டு, எதன்மேல் ஆணி அடிப்பது என்று சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டோம். அளவறிந்து சொல்வதும் உறுதிதான். அவர் கட்டுரைக்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை, ஒன்று கூட்டினேன். பின்வரிசை மாணவியின் கேள்வியையும் அவர் தன் கட்டுரையின் தொடக்கமாக்கிக்கொண்டார்.

இன்னொன்றும் மனத்தில் இருக்கிறது. இந்தச் சான்றுகள் சும்மா கிடைத்தவையல்ல. பேச முடியாத உயிர்களின் மண்டையைத் திறந்து பெற்றவை. அது தகுமா என்பது தனி விவாதம், அதையும் வகுப்பில் நடத்தலாம். ஆனால் அப்படிப் பெற்ற ஒரு சான்றின்மேல், அது சொல்லாததை நாம் ஏற்றிச் சொல்வது எந்த வகையிலும் தகாது.

வகுப்பில் செய்துபார்க்க

1. அட்டை ஓட்டைச் சோதனையைச் செய்து, கண்டதை ஐந்து வாக்கியங்களில் எழுதுக. 'தெரிந்தது', 'இருந்தது' என்ற இரு சொற்களையும் பொருள் வேறுபாடு விளங்கப் பயன்படுத்துக.

2. நாளிதழில் வந்த அறிவியல் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்க. அது 'கேட்டதை' மட்டும் வைத்துச் சொல்கிறதா, 'அடக்கியும் தூண்டியும்' பார்த்துச் சொல்கிறதா எனப் பிரித்துக் காட்டுக.

3. உங்கள் சென்ற மாதக் கட்டுரையில் 'தான், தாம், மட்டுமே, நிரூபிக்கப்பட்டது' ஆகிய சொற்களுக்கு அடிக்கோடிடுக. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சான்றை எழுதுக. சான்று இல்லாத இடத்தில் சொல்லை மாற்றுக.

மூன்றாவது பயிற்சியை ஆசிரியர்களும் செய்யலாம். நான் என் பழைய பாடக் குறிப்புகளில் செய்துபார்த்தேன். ஒரு பக்கத்தில் ஏழு அடிக்கோடு விழுந்தது, சான்று இரண்டுக்குத்தான் இருந்தது.